வெல்லம் கரைத்த தொட்டி

பொன்னேரி ஸ்டேஷன் அருகே நஜ்மாவின் தையல் கடைக்கு வருகிறவர்கள் அளவு கொடுத்ததும் கிளம்பிவிட மாட்டார்கள். மெஷினுக்குப் பக்கத்துக் கண்ணாடித் தொட்டியில் கெண்டையும் அயிரையும் ஓடுவதைப் பார்த்து நிற்பார்கள். "இது கொழம்புல போடுற மீனாச்சே!" என்று யாராவது சொன்னால் போதும், அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"கடல் தாண்டி வந்தாத்தான் அழகா? நம்ம ஏரி மீனுக்கு இன்னா கொறச்சல்?"

கேட்டவரை லேசில் விடமாட்டாள். வளர்க்கப் பழக்கிவிட்டுத்தான் மறுவேலை. நிபந்தனை இரண்டு. ஏரியைக் குத்தகைக்கு எடுத்த மணவாளனிடம் கேட்டுத்தான் மீன் பிடிக்க வேண்டும். தொட்டி மீனைத் திரும்ப ஏரியில் விடவே கூடாது. இரண்டாவது, மணவாளனே போட்டது. மீறினால் யாருக்கும் ஒரு குஞ்சுகூடக் கிடையாது என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

2006 மழைக்காலத்தில் துளசிராமன் அவளிடம் மீன் வளர்க்கப் பழக வந்து சேர்ந்தான். திருவள்ளூர்க்காரன், கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை, தங்கியிருந்தது பொன்னேரியில். ஒருநாள் காலை அவன் பக்கெட்டோடு ஏரிப் பக்கம் போவதைப் பார்த்த நஜ்மா, கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"எங்கடா போற?"

"மீனு மேல வெள்ளப் புள்ளிக்கா. எங்கூரு கோயில் கொளத்துல மரு உதிர வெல்லம் கரைப்போமே, அதே மாதிரி தொட்டில கரைச்சேன். இப்ப வாயப் பொளந்துகினு மெதக்குது. என் கையால சாவ வேணாம், ஏரில உட்ரலாம்னு..."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, மீன்களைப் பார்த்துப் பாவமாகவும் இருந்தது.

"பெருமாள் கொளமும் ஒன் தொட்டியும் ஒண்ணா? வெல்லத் தண்ணில மூச்சு முட்டுது அதுக்கு. ஏரில உட்டியானா நோவு எல்லா மீனுக்கும் போவும். குடு இங்க!"

கடைக்குக் கொண்டுபோய்த் தன் தொட்டி நீரை வேறொரு பக்கெட்டில் மொண்டு ஊற்றினாள். குமிழி மோட்டாரைப் போட்டு மீன்களை அதற்கு மாற்றினாள். துளசிராமன் அழுதேவிட்டான்.

"எனக்கு மீனு ராசியில்லக்கா."

"ராசியாவது ஒண்ணாவது. தெனம் கொஞ்சம் தண்ணி மாத்து."

இரண்டு செத்துப்போயின. மற்றவை மெல்லத் தேறின.

மீன் வளர்க்கப் பழக அடுத்துப் புதியவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை, மணவாளனும் கடைக்கு வந்து கடைசி ஆளாக நின்றார். பக்கெட் விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. நஜ்மா கொஞ்சமும் அசரவில்லை. துளசிராமனைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"மொதப் பாடம் இவன் சொல்லுவான்."

அவன் புதியவர்களைப் பார்த்துச் சொன்னான். "பெருமாளுக்குக் குடுக்கறத மீனுக்குக் குடுக்காதீங்க. தப்பு நடந்துச்சின்னா ஏரிக்கு ஓடாதீங்க. அக்காகிட்ட ஓடியாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மணவாளன் மட்டும் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல வலை போடறேன். குஞ்சு வேணும்ங்கறவங்க வாங்க. தம்பி, நீயும் வா."