துண்டில் போட்ட முடிச்சு

கிணற்றடியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட பிறகு, நடந்து முடிந்ததெல்லாம் எனக்கு நினைவிருந்தது. இனிமேல் செய்யவேண்டியதுதான் நழுவிப்போனது. பசை போகச் சோப்புத் தண்ணீரில் வேகும் பட்டு நூலை நேரத்தோடு இறக்காவிட்டால் நைந்துவிடும். ஒருமுறை அப்படிக் கெடுத்துவிட்டேன். இன்னொரு முறை கெட்டால் இனி நெய்யப் பட்டே கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அன்று தண்ணீருக்குப் போகுமுன் என் மனைவி என் துண்டின் முனையில் முடிச்சுப் போட்டாள். "இது கையில படறப்பெல்லாம் அடுப்பப் பாருங்க, வெந்ததும் பட்டு நூல எறக்கிடுங்க. எத்தையாவது நெனச்சிக்கினு குந்திடாதீங்க."

முடிச்சைப் பிடித்துக்கொண்டே தறியருகில் உட்கார்ந்தேன். மறந்துவிடுவேனோ, மறந்துவிடுவேனோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு எதற்குப் பயப்படுகிறேன் என்பதே தெரியவில்லை. பயம் மட்டும் இருந்தது.

அவள் வந்து பார்த்தபோது பட்டு குழைந்துபோயிருந்தது.

"முடிச்சு எங்க?"

துண்டில் முடிச்சு இல்லை. பள்ளிக்கூடத்தை விட்ட வயதிலிருந்து, நூலில் முடிச்சு தட்டுப்பட்டால் பாராமலே அவிழ்த்துப் பழகிய விரல்கள். இதையும் அவிழ்த்து, நீவியும் விட்டிருந்தன.

அவள் திட்டவில்லை. இடுப்புக் குடத்தை இறக்காமலே நின்றாள்.

"இந்தக் கைக்கு இனிமே நான் எத்த முடிஞ்சு குடுக்கறது?"