ரப்பர் மீனுக்கு ஏற்ற தங்கூசி

தானே புயலுக்கு முந்தின வருஷம், துபாயிலிருந்து வந்த மாப்பிள்ளை எனக்கொரு ரப்பர் மீன் கொடுத்தார். உள்ளே தூண்டில் முள், பின்னால் நெளிந்தாடும் வால். தூண்டில் போடுவதில் முதுநகரில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்குத் தெரியும். அவருடைய அம்மா, சிதம்பரத்துச் சம்பந்தி, அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இத்தக் கடிக்கிற அளவுக்கு உங்க ஊரு மீனுக்கு மூள கம்மியா?"

என் மகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பம். பெண் பிறந்தால் என் அம்மா பேரா, சம்பந்தியுடைய மாமியார் பேரா என்று எங்களுக்குள் இழுபறி.

"வர்ற ஞாயித்துக்கெழம வாங்க சம்மந்தி. இதுல ஒரு கொடுவா புடிச்சிக் காட்டலன்னா உங்க மாமியா பேரையே வச்சிக்குங்க. புடிச்சிட்டா எங்கம்மா பேரு."

சொல்லிவிட்டேனே தவிர, இருப்பது ஒரே ரப்பர் மீன். அது அறுந்து போனால் அம்மா பேரும் போச்சு. தங்கூசி என்கிற நைலான் நரம்பில் தடியானதைக் கட்டி, தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பார்த்தேன். வால் ஆடவே இல்லை.

"கல்யாண மாப்ள மாரி வெறப்பா வருது," என்றார் என் வீட்டுக்காரர்.

மெல்லிசுத் தங்கூசியில் வால் நன்றாக ஆடியது. ஆனால் உப்பனாற்றுப் பாலத்தடியில் சிப்பி ஒட்டிய கல் கிடக்கிறது. ஒரே உரசலில் அறுத்துவிடும். பின்னல் நூல் மெல்லிசு, பலமும் உண்டு. ஆனால் அதன் பச்சை தண்ணீரில் பளிச்சென்று தெரிந்தது, சிப்பிக்கும் தாங்காது. கடைசியில் பின்னல் நூலைக் கட்டையில் சுற்றி, நுனியில் மட்டும் இரண்டு முழம் நடுத்தரத் தங்கூசி சேர்த்தேன். மீனை இறுக்கிக் கட்டாமல் சின்ன வளையம் விட்டு முடிச்சுப் போட்டேன். வால் குதியாட்டம் போட்டது.

ஞாயிறு காலை சம்பந்தி சரிகைப் புடவையில் பாலத்தடிக்கு வந்து நின்றார். எறிந்து எறிந்து இழுத்தேன், ஒன்றுமில்லை. கொண்டை அவிழ்ந்ததுதான் மிச்சம்.

"செத்தப் புடிங்க. மெதுவா இழுத்துக்கினே இருங்க," என்று அவர் கையில் கொடுத்துவிட்டு முடியை முடிந்தேன்.

"அய்யோ சம்மந்தி, என்னய ஆத்துக்குள்ள இழுக்குதே!"

அவர் நூலைப் பிடிக்க, நான் அவர் இடுப்பைப் பிடிக்க, கொடுவா சிப்பிக் கல்லைச் சுற்றி ஓடியது. தங்கூசி உரசிச் சொரசொரப்பானது, அறுந்து போகவில்லை. முழங்கை நீளக் கொடுவா கரைக்கு வந்தது.

"எம் மவன் குடுத்த ரப்பரு, எங் கையி. நாந்தான புடிச்சேன்? பேரு எங்க பக்கந்தான்."

"தங்கூசி யாரோடது? அது அறுந்திருந்தா உங்க கையில என்னா இருந்திருக்கும்?"

வீடு வரும்வரை இதே பேச்சு. குழம்பு கொதிக்கும்போது சம்பந்தி சட்டியை எட்டிப் பார்த்தார்.

"சரி, பேர நீங்களே வச்சிக்குங்க. தல எனக்கு."

கொடுவாத் தலையை அதுவரை நான் என் வீட்டுக்காரருக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. சம்பந்தி தட்டில் போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.