நசுங்கிய டேங்கும் ஞானதீபமும்

"வெளிய போறதுக்கு எல்லாவனும் வழி வைக்கான். உள்ள வாரதுக்கு ஒருத்தனும் வைக்க மாட்டேங்கான்."

தினமும் செருப்பைக் கழற்றும்போதே ஞானதீபம் இதைச் சொல்லிவிடுவார்.

"கதவு தொறந்துதான் கெடக்கு. வந்து சாப்பிடுங்க," என்பாள் மனைவி கிரேசி.

அவர் புலம்புவது காற்றுக்காக என்று அவளுக்கும் தெரியும். முத்தையாபுரம் தாண்டி, திருச்செந்தூர் ரோட்டில் அவருக்கு வெல்டிங் பட்டறை. இரும்பு டேங்க் செய்வதுதான் பிழைப்பு. டேங்கில் எண்ணெய் ஏறினால் காற்று வெளியே போக வேண்டும். இறங்கினால் உள்ளே வர வேண்டும். அதற்காக உச்சியில் ஒரு குழாய் வைப்பார்.

அப்படிப்பட்டவர் செய்த டேங்கே நசுங்கிப்போனது.

கப்பலில் வந்து இறங்கும் பாமாயிலை வாங்கி விற்பவர் சிவசுப்பிரமணியன் அண்ணாச்சி. அவருடைய புது டேங்கில் எண்ணெய் நிரப்பும்வரை ஒன்றுமில்லை. மறுநாள் மோட்டார் போட்டு லாரிக்கு ஏற்றும்போது டமாரென்று சத்தம். கீழே விழுந்த தூக்குவாளி மாதிரி ஒரு பக்கம் அப்படியே உள்ளே போய்விட்டது.

"தகடு மட்டம் வே," என்றார் அண்ணாச்சி. "இன்னொரு டேங்க் சொல்லியிருந்தேன்லா, அத வேற ஆளுட்ட கொடுக்கப் போறேன்."

அந்த வேலை போனால் துறைமுகப் பக்கம் வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள். எதில் தப்பு என்று ஞானதீபம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். தகடு நல்ல தகடு. குழாயும் அகலம். மழைத் தண்ணீர் இறங்கக் கூடாதென்று அதன் வாயைக் குடைக்காம்பு மாதிரி வளைத்துத்தான் விட்டிருந்தார். பிறகு எப்படி?

ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். வளைந்த வாயில் ஒரு திருஷ்டிப் பொட்டலம். கறுப்புத் துணியில் படிகாரம், கல்லுப்பு, மிளகாய் வற்றல். மழையில் உப்பு கரையக் கூடாதென்று பொட்டலத்தையும் குழாய் வாயையும் சேர்த்து ஒரு பாலிதீன் கவர், இறுக்கிச் சணல் கட்டு. காற்று நுழைய வழியே இல்லை.

"நாந்தான் கெட்டச் சொன்னேன்," என்றாள் அண்ணாச்சியின் மனைவி இந்துமதி. "டேங்க் நெறஞ்ச அன்னைக்கு ராத்திரியே கெட்டியாச்சு. ஊரு கண்ணு படும்லா. இது இல்லன்னா வெடிச்சே போயிருக்கும்."

ஞானதீபம் ஒரு காலி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்து உறிஞ்சிக் காட்டினார். பாட்டில் நசுங்கி உள்ளே போனது.

"நீ காத்த உறிஞ்சுத, நசுங்குது. மோட்டாரு எண்ணெயத்தான உறிஞ்சிச்சு?" என்றாள் இந்துமதி.

"எண்ணெ போன எடத்துக்குக் காத்து வரணும்லாக்கா."

"டேங்குதான் நெறஞ்சு கெடந்துச்சே, அங்க காத்துக்கு ஏது எடம்?"

ஞானதீபம் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரியாகத்தான் கேட்கிறாளோ என்றுகூடத் தோன்றியது.

அண்ணாச்சி பாட்டிலை வாங்கித் தானும் உறிஞ்சிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வெளங்கல. தகடு மேல தப்பில்லன்னு மட்டும் தெரியுது. அடுத்ததயும் நீரே செய்யும். ஆனா பொட்டலம் இல்லாம இவ விட மாட்டா."

அடுத்த டேங்கில் ஞானதீபம் குழாயை வளைக்கவில்லை. நேராக நிறுத்தி, சுற்றிலும் துளை போட்டு, மேலே அகலமாக ஒரு தொப்பி வைத்தார். எதைக் கட்டினாலும் ஏதாவது ஒரு துளையில் காற்று போய்வரும். பொட்டலத்துக்கென்று தள்ளி ஒரு கொக்கியும் வைத்தார். எண்ணெய் ஏறியது, இறங்கியது, டேங்க் அசையவில்லை.

"பாத்தியா, இந்தத் தடவ பொட்டலத்துக்கு எடம் சரியா அமஞ்சிட்டு," என்றாள் இந்துமதி.

இப்போது வருகிறவர்கள் எல்லாம் முதலில் கொக்கியைத்தான் கேட்கிறார்கள். டேங்க் செய்யச் சொல்லப் போகிறவர்கள் அந்தப் பட்டறைக்கு ஒரு எட்டுப் போய் அவரைப் பாருங்கள். டேங்க் தப்பித்தது எதனால் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்; பாவம், மனுஷன் மறுபடியும் பாட்டிலைத் தேட ஆரம்பித்துவிடுவார்.