இன்னும் ஒரு மாதம் என்றார் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தது மொத்தம் பத்து விநாடிதான். அதற்காக ஊர் அவரோடு ஒன்றரை மாதம் பேசவில்லை. நானும் பேசவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் என்னை ஏதோ உத்தமி என்று நினைத்துவிடுவீர்கள்.

எங்களுக்கு ஊர் தங்கச்சிமடம். அவர் விசைப்படகு டிரைவர். படகு சொந்தமில்லை, முதலாளியுடையது. நான் மீன் விற்கிறவள். மீன் இனம் பெருகட்டும் என்று ஏப்ரல் நடுவிலிருந்து அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது அரசாங்கத் தடை. அந்த நாட்களை எப்படி ஓட்டுகிறோம் என்பது எங்கள் அடுப்புக்குத்தான் தெரியும். அந்த வருஷம் தடை தொடங்கிய வாரத்தில், நாட்களைக் குறைக்கச் சொல்லி மீனவர் சங்கம் கடற்கரையில் ஆர்ப்பாட்டம் வைத்தது. டிவிக்காரர்கள் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று சங்கத் தலைவர் முந்தின நாளே பாடம் எடுத்துவிட்டார். "அறுபத்தொரு நாள் எங்களால தாங்க முடியல, குறைக்கணும்." அவ்வளவுதான் பாடம். பால்வாடிப் பிள்ளைகூட ஒப்பித்துவிடும்.

அத்தனை பேர் நிற்க, மைக் போய் நின்றது என் வீட்டுக்காரர் முன்னால். அதில் என் தப்பும் உண்டு. சட்டையைத் தேய்த்துக் கொடுத்து, ஆளைப் பார்க்கிற மாதிரி அனுப்பி வைத்தது நான்தான்.

"அறுபத்தொரு நாளு பத்தாதுங்க. இன்னும் ஒரு மாசம் சேத்து விடணும். தடை முடிஞ்சு போற மொத நாளே வலை மடியில சினை மீனா வந்து விழுது. எங்கையால அள்ளிப் போட்டிருக்கேன்" என்றார்.

மதியச் செய்தியிலேயே போட்டுவிட்டார்கள். பின்னால் நின்ற தலைவரின் முகமும் சேர்ந்து வந்தது. வாய்க்குள் போன ஈயைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நிற்கிற முகம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஊர்க்கூட்டம். கூட்டத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கிறவரை அவரோடு யாரும் பேசக் கூடாது என்று முடிவு செய்தார்கள். முதலாளி தன் பங்குக்கு, தடை முடிவதற்குள் ஊரோடு சமாதானம் ஆகாவிட்டால் படகை வேறு டிரைவரிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியனுப்பினார். அந்தப் படகு கைவிட்டுப் போனால் எங்களுக்கு வேறு வழி கிடையாது.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு விஷயத்தை யோசிக்காமல் விட்டுவிட்டார்கள். தடைக்காலத்தில்தான் படகுகளையெல்லாம் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். இன்ஜின் விஷயத்தில் என் வீட்டுக்காரர் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். போயும் போயும் இந்த நேரத்திலா அந்த மனுஷனோடு பேசக் கூடாது என்று கட்டுப்பாடு போடுவார்கள்? மூன்று நாள் பொறுத்தார்கள். நாலாவது நாள் என் தம்பி, மச்சானைப் பார்க்காமல், தான் வேலை செய்கிற படகின் பலகையைத் தட்டிக் கேட்டான்.

"ஏ போட்டு, ஒனக்குக் கியரு விழ மாட்டேங்குதே, என்னத்துக்கு?"

இவர் அந்தப் பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டு, "கிளட்ச்சக் கழத்திப் பாரு போட்டு" என்றார்.

அவ்வளவுதான், கரை முழுக்கப் படகோடு பேச ஆரம்பித்தது. சிலர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்று, எதிர்முனையில் யாருமே இல்லாமல், ஆயில் கசிவதைப் பற்றிப் புலம்பினார்கள். எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் தலைவர்தான். நான் சோற்று வாளியை வைக்கப் போன ஒரு மதியம், தலைவர் என் வீட்டுக்காரர் பக்கத்தில் வானத்தைப் பார்த்துக் கைகூப்பி நின்றார். "ஆண்டவரே, எம் படகு கரும்புகையாத் தள்ளுது. நீர்தான் வழிகாட்டணும்."

"நாசில் அடைச்சிருக்கும் ஆண்டவரே" என்றார் என் வீட்டுக்காரர், அவரும் வானத்தைப் பார்த்து.

"ஆமென்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் ஸ்பானர் எடுக்க ஓடினார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். சிரித்துவிட்டால் என் வைராக்கியம் என்ன ஆவது!

ஏனென்றால் ஊரே ஏதோ ஒரு வழியில் அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, பேசாமல் இருந்தது நான் ஒருத்திதான். எனக்கு அவ்வளவு ஆத்திரம். அவர் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். இன்னும் ஒரு மாதம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டார், அந்த மாதத்துக்கு உலை வைப்பது யார்? தட்டை நங்கென்று வைத்தேன். குடத்தை டொங்கென்று இறக்கினேன். "குழம்புல உப்புக் கொறவு" என்று அவர் சொன்னால் உப்பு டப்பாவை நகர்த்தி வைத்தேன். ஊர் போட்ட கட்டுப்பாட்டை என்னைப் போல யோக்கியமாகக் கடைப்பிடித்தவர் யாரும் இல்லை.

தடை முடிய ஒரு வாரம் இருக்கையில் நானே வாயைத் திறந்தேன், ஆனால் பாடம் சொல்லிக் கொடுப்பதற்காக. "நான் சொன்னது தப்பு. ஊரு சொன்னதுதான் சரி. இனிமே எதுவும் பேச மாட்டேன். இந்த மூணையும் கூட்டத்துல சொல்லிட்டு உக்காந்துருங்க."

அவர் மூன்றையும் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். "மொத ரெண்டும் சொல்லிர்றேன் புள்ள. மூணாவது வேணுமா?"

"மூணையும் சொல்லுங்க. படகு வேணுமா, வேணாமா?"

சொன்னார். கூட்டத்தில் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே ஒரு சொல் விடாமல் சொன்னார். பெண்களோடு சன்னலோரம் நின்று நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். எல்லோரும் கை தட்டினார்கள். தலைவர் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த நிமிஷமே நாலு பேர் அவரைச் சுற்றி நின்று இன்ஜின் சந்தேகம் கேட்டார்கள், இந்த முறை நேராக முகத்தைப் பார்த்து. படகும் எங்களுக்கே கிடைத்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் ஒரு மாற்றுக் கருத்து வைத்திருந்த மனுஷன் அவர். குழம்புக்குப் புளி கூடுதல் என்பார், சாமியார் பிரசங்கம் நீளம் என்பார், ஊரே புகழ்கிற புதுப் பாலத்தில் நாலு குறை கண்டுபிடிப்பார். எனக்குத் தலை வலிக்கும். அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் என்ன கேட்டாலும், "எதுனாலும் சரி." தேர்தலில் யாருக்குப் போடலாம் என்றால், "நீயே சொல்லு." முதல் இரண்டு மாதம் எனக்கு அது சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் வீட்டில் எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கோபமே இல்லை, சாதாரணமாகத்தான் இருந்தார்.

இந்த வருஷம் கலெக்டருக்கு ஒரு மனு. தடைக்காலத்தை நாற்பது நாளாகக் குறைக்கச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிற வேலையைச் சங்கம் என்னிடம் கொடுத்தது. தெருவெல்லாம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பது நாள் என்கிற வரியை வேண்டுமென்றே சத்தமாக, இரண்டு தடவை படித்தேன். இதற்காவது, "கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒங்களுக்கு?" என்று கத்துவார் என்று எனக்கு நம்பிக்கை. திருப்பிக் கத்துவதற்கு என்னிடம் எல்லாம் தயாராக இருந்தது.

அவர் கை கழுவிவிட்டு வந்தார். ஈரம் போகத் துண்டில் துடைத்தார்.

"எங்கன போடணும்?" என்று பேனாவுக்குக் கையை நீட்டினார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "ஒங்க கையெழுத்து எனக்கு வேணாங்க. இது தப்புன்னு சொல்லுங்க. எங்கூடச் சண்டை போடுங்க."

நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"இப்ப நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன் புள்ள?"