எட்டில் மூன்றேகால்

முந்தானையின் கடைசி அன்னத்தை வரைந்துவிட்டு சேவ் கொடுத்தேன். கம்ப்யூட்டர் அன்றைக்கும் உறைந்து நின்றது. அன்றைக்கு வரைந்ததெல்லாம் போச்சு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

எங்கள் வீட்டில் சேலைக்கு டிசைன் போடுவது நான், நெய்வது என் கணவர். சேலையின் உடல் முடிந்து, முந்தானைக்காக அவர் தறி சும்மா நின்றது. நான் டிசைனை முடித்தால்தான் அதன்படி துளை போட்டுத் தறிக்கு அட்டை அடிக்க முடியும். வெள்ளிக்கிழமைக்குள் வரவில்லை என்றால் இனிமேல் எங்களுக்கு நெய்யப் பாவு நூல் கிடையாது என்று முதலாளி போனில் சொல்லிவிட்டார்.

டிசைன் கடையை மூடிய ஒருவரிடம் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் அது. எட்டு ஜிபி ராம் என்று சத்தியம் செய்து விற்றார். இது திணறுகிற லட்சணத்தைப் பார்த்தால் அதில் பாதிகூட இருக்காது என்று எனக்குத் தோன்றியது. திறந்து பார்த்துவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். கணவர் பதறிவிட்டார்.

"பாவு ஏத்துன தறிய யாராச்சும் பிரிப்பாங்களாமா? உள்ள டிசைன் பாதியில நிக்குது. கைய வெக்காத!"

திறந்தால் என் அன்னங்கள் இழை இழையாகச் சிக்கிக்கொள்ளும் என்று அவருக்குப் பயம். ராம் வேறு, டிசைன் இருக்கும் இடம் வேறு என்று சொல்லிப் பார்த்தேன். நன்றாகத் தலையாட்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுபோய்த் தறிக்கு அடியில் ஒளித்து வைத்தார்.

சரி, திறக்காமலே பார்ப்போம் என்று கம்ப்யூட்டர் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் போனேன். ராம் என்ற இடத்தில் எட்டு என்றே இருந்தது. "எட்டு இருக்குதுங்க!" என்று கத்தினேன். அவர் ஓடி வந்தார். அதற்குள் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் படித்துவிட்டேன். பயன்படுத்தக்கூடியது 3.25.

ரிப்பேர் செய்யும் தம்பிக்குப் போன் போட்டேன்.

"அது பழைய முப்பத்திரண்டு பிட் விண்டோஸ்க்கா. நீங்க எவ்ளோ ராம் போட்டாலும் அது அவ்ளோதான் எடுக்கும். புதுசு போட்டா மொத்தத்தையும் எடுக்கும்."

"போட்டா இந்த டிசைன் சாப்ட்வேர் ஓடுமாபா?"

"ஓடாதுக்கா. அத செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல."

புது சாப்ட்வேர் வாங்க எங்களுக்கு ஏது வழி? கம்ப்யூட்டர் தாங்கும் அளவுக்கு அன்னங்களைக் குறைத்துப் போடட்டுமா என்று முதலாளியைக் கேட்டேன். கல்யாண வீட்டார் பார்த்துச் சம்மதித்த டிசைன், ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று போனை வைத்துவிட்டார். விற்றவர் ஏமாற்றியிருந்தால்கூடத் தேவலை, திட்டுவதற்கு ஓர் ஆளாவது இருந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை கணவர் வந்து என் பக்கத்தில் நின்றார். கையில் அந்த ஸ்க்ரூ டிரைவர்.

"தொறந்தே பாத்துடேன்மா. சிக்கினா சிக்கிக்கினு போவுது."

"தொறந்து இன்னாங்க பண்றது? எட்டும் உள்ளதான் இருக்குது."