பாதி முகத்தில் நின்ற கத்தி

1. சாணைக்குப் போன கத்தி

ஊருக்கெல்லாம் தாடி எடுக்கிற என் வீட்டுக்காரர், ஒரு நாள் தானே தாடி வளர்க்க ஆரம்பித்தார். அன்றையிலிருந்துதான் நான் அவர் கையைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைகள் இருக்கிற தெருவில் எங்கள் சலூன். தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை. கடையில் இருந்தது ஒரே ஒரு சேர். அதற்கு முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. உட்கார்ந்தவர் கண்ணாடிக்குள் கண்ணாடியாக, கடைசி தெரியாத வரிசையில் உட்கார்ந்திருப்பார். வெளியே நாள் முழுக்க டக் டக்கென்று உளிச் சத்தம். கடல் காற்று உள்ளே வந்து காலண்டரைப் புரட்டிவிட்டுப் போகும். அந்தச் சேரில் உட்கார்ந்து தூங்காத ஆம்பளையை நான் பார்த்ததில்லை.

"இன்னா அண்ணாத்த, தாடி?" என்று கேட்டவர்களிடமெல்லாம் அவர், "திருப்போரூர் முருகனுக்கு வேண்டுதல்" என்றார். வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் பலிக்காதாம். பொய் சொல்கிறவர்களுக்கு நல்ல வசதி.

சோறு போடுகிறவள் நான். எனக்குத் தெரியாதா? ரசம் ஊற்றினால் பாதிதான் வாய்க்குப் போகும். டம்ளரைக் கீழே வைக்கும்போது அது இரண்டு தரம் கடகடவென்று ஆடிவிட்டுத்தான் நிற்கும். வலது கை நடுங்கியது. அந்தக் கையால் தன் முகத்தைச் சிரைத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் வந்த தாடி.

மற்றவர்களுக்கு ஷேவிங் என்றால், "கத்தி சாணைக்குப் போய்கீதுப்பா, கட்டிங் மட்டும்தான்" என்பார். அந்த மூன்று மாதத்தில் எங்கள் கத்தி போகாத ஊர் இல்லை. வாடிக்கையாளர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற சலூனுக்கு நழுவினார்கள். கட்டிட ஓனர் இரண்டு தரம் வந்து, காலிச் சேரைப் பார்த்துவிட்டு, இந்த இடத்தில் ஜூஸ் கடை நன்றாகப் போகும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு மாதம் இப்படியே போனால் சேரைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள். சேர் போனால் இவர் என்ன ஆவார் என்றுதான் எனக்குப் பயம்.

2. பானைக்கு ஷேவிங்

மத்தியானம் அவர் தூங்கும்போது கத்தியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போவேன். அது பழைய மடக்குக் கத்தி. பிளேடு மாற்றுகிற வேலை கிடையாது. கல்லில் தீட்டி, தோல் பட்டையில் இழுத்து, அதே கத்தியைத்தான் நாள் கணக்காக ஓட்ட வேண்டும்.

முதலில் பலூன். கடற்கரை பலூன்காரரிடம் வாங்கி, சோப்பு நுரை பூசி, நுரையை மட்டும் வழித்தேன். முதல் நாளில் ஏழு கொலை. சத்தம் கேட்டு அவர் எழுந்துவிடப் போகிறார் என்று பலூனை விட்டுவிட்டுப் பானையின் அடிக்கு மாறினேன். பானை நல்ல வாடிக்கையாளர். தும்மாது, பேசாது, கண்ணாடி கேட்காது. கத்தி நிமிர்ந்து நிற்கக் கூடாது, கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டே போக வேண்டும் என்பதைப் பானையில்தான் கற்றேன். ஆனால் பானைக்குத் தோல் இல்லை. இடது கையால் தோலை இழுத்துப் பிடிக்கப் பழக என் காலையே நீட்டினேன். முடியின் போக்கில் ஒரு தரம், அப்புறம் அதற்கு எதிராக இன்னொரு தரம், அதுதான் எதிர் ஷேவிங். அந்த மாதம் முழுக்க என் இரண்டு காலும் சினிமாக்காரி கால் மாதிரி இருந்தன. புடவைக்குள் இருந்ததால் ஊருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஒரு நாள் அங்கேயே கண் அசந்துவிட்டேன். கனவில் பட்டறை வாசலில் நிற்கிற துவாரபாலகர் கல் காலை இழுத்து இழுத்து நடந்து வந்து எங்கள் சேரில் உட்கார்ந்தார். சேர் முறியவில்லை. நுரை பூசினேன். கத்தியை வைத்ததும் ஒரு கண்ணைத் திறந்து, "எதிர் ஷேவிங் வேணாம்மே, மூக்கு தேஞ்சிடும்" என்றார். விழித்தபோது மடியில் பானை இருந்தது. கையில் மடித்த கத்தி. தூக்கத்திலும் கத்தியை மடித்திருக்கிறேன் என்றதும் கொஞ்சம் தைரியம் வந்தது.

3. சிற்பி கோதண்டம்

இரண்டு பட்டறை தள்ளி வேலை செய்கிற சிற்பி கோதண்டம். அவர் மகளுக்கு ஊரப்பாக்கத்தில் மாப்பிள்ளை வீட்டில் நிச்சயதார்த்தம். அன்று காலை வேன் வெளியே வந்து நின்றுவிட்டது. கோதண்டம் பத்து நாள் தாடியோடு கடைக்குள் ஓடி வந்து உட்கார்ந்தார். நான் அப்போதுதான் நாஸ்தா எடுத்துக்கொண்டு கடைக்கு வந்திருந்தேன்.

"கத்தி சாணைக்கு..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"அண்ணாத்த, வெளாடாத. சம்பந்தி வூட்ல இப்டியா போயி நிப்பேன்?"

இவர் பிரஷ்ஷை எடுத்தார். நுரை அருமையாக வந்தது. நடுங்குகிற கைக்கு நுரை போடுவதில் மட்டும் லாபம். பிறகு கத்தியைத் திறந்தார். கன்னத்துக்கு ஒரு விரல் தூரத்தில் கத்தி நின்று ஆடியது. கண்ணாடிக்குள் இருந்த அத்தனை கையும் வரிசையாக ஆடின. கோதண்டம் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எழுந்து ஓடியிருந்தால்கூட இவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கத்தி இறங்கவில்லை. நான் பாத்திரத்தை வைத்துவிட்டு, "குடு மாமா" என்றேன்.

"நீயா? பொம்பள கை வெச்சா ஊரே சிரிக்கும்மே."

"சிரிக்கட்டும். இவரு ரெண்டு காதோட ஊரப்பாக்கம் போவ வேணாவா?"

கோதண்டம் ஒரு கண்ணைத் திறந்தார். "அண்ணி, இதுக்கு முன்னாடி யாருக்குப் பண்ணிகீற?"

"பானைக்கு."

"பானை இன்னா சொல்லிச்சி?"

"இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல, கொழுந்தனாரே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இவர் கத்தியை என் கையில் வைத்துவிட்டு, பெஞ்சில் போய் வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

காதோரத்தில் ஆரம்பித்தேன். முதல் இழுப்பு வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவது, மூன்றாவது. உளிச் சத்தமெல்லாம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. நுரை விலக விலக உள்ளேயிருந்து ஒரு புது ஆள் வெளியே வந்துகொண்டிருந்தார். நான்தான் செய்கிறேனா, கண்ணாடிக்குள் இருக்கிற பொம்பளைகளில் யாராவது செய்கிறார்களா என்று தெரியாத மாதிரி இருந்தது.

ஒரு பக்கம் முடிந்து தாடைக்கு வந்ததும் கத்தி கர்ரென்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கோதண்டம் "ஸ்ஸ்" என்றார். கடுகளவு ரத்தம்.

"நிறுத்து" என்றார் இவர். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவரு மூஞ்சி கழுவினாரா?"

சிற்பிகள் யார் வந்தாலும் இவர் சேரில் உட்கார விட மாட்டார். முதலில் பின்னால் போய் முகம் கழுவச் சொல்வார். பெரிய சுத்தக்காரர் என்று நான் கிண்டல் பண்ணியிருக்கிறேன். கல் தூசி தாடியின் வேரில் ஒட்டியிருந்தால் அது கத்தியின் முனையைத் தின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாது. என் காலில் ஏது கல் தூசி?

"குளிச்சிட்டுத்தான் அண்ணாத்த வந்தேன்" என்றார் கோதண்டம்.

"எந்தத் தண்ணியில?"

"எங்க வூட்டு போர்ல."

"உப்புத் தண்ணியில தூசி எங்க போவும்? நல்ல தண்ணியில கழுவு."

குடத்து நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவினார். முதல் தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடியது. வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். கோதண்டம் பொஞ்சாதி வேனிலிருந்தே கத்தினாள்: "இன்னாய்யா பண்ற? மூஞ்சியச் செதுக்கினுகீறியா?"

பாதி முகத்தோடு அவர் நின்றார். மொட்டைக் கத்தியோடு நான் நின்றேன்.

"கல்ல எடு" என்றார் இவர். தீட்ட அவர் கை உதவாது. நான் கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்ட ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கத்தி தீட்டுகிற சத்தத்தைக் கேட்டார்.

"கனம் குடுக்காத. கத்தி தானா போவட்டும்."

"இப்ப?"

"கரகரங்குது. சன்னமா வரணும்."

"இப்ப?"

"இன்னும் நாலு இழு... ஆங். போதும். தோல்ல போடு."

நுரையை மறுபடி போட்டு மீதி முகத்தைத் தொட்டேன். அலை திரும்பிப் போகும்போது ஈர மணலில் ஒரு சத்தம் வரும். கத்தியிலிருந்து அது வந்தது. பெஞ்சைப் பார்த்தேன். அவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்.

படிகாரம் தேய்த்ததும் கோதண்டம் புறங்கையால் கன்னத்தைத் தடவினார். சிலைக்குப் பாலிஷ் பார்க்கிறவர்கள் அப்படித்தான் தடவுவார்கள்.

"பினிஷிங் நல்லாகீது அண்ணி" என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஓடினார்.

4. எதிர் ஷேவிங்

அதற்குப் பிறகு எட்டு வருஷம் அந்தச் சேரில் நான்தான் வேலை செய்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து கத்திச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "முனை போச்சிமே" என்றால் நிறுத்திவிடுவேன். முதல் மாதம் ஊர் சிரித்தது. அப்புறம் சிரித்தவர்கள் ஒவ்வொருவராகக் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரும் சிரிப்பதில்லை. ஜூஸ் கடை வேறு இடத்தில் வந்தது.

இப்போது என்னிடம் பார்லர் வேலை பழகுகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். கத்தி போகாவிட்டால் அழுத்தாதீர்கள், நிறுத்துங்கள். வந்தவர் குளித்துவிட்டேன் என்றால் எந்தத் தண்ணீரில் என்று கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. அது அன்றைக்கு வேன் போன பிறகு கற்றது.

கடையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். கத்தியைத் துடைத்துக்கொண்டே, "மாமா, உன் வேண்டுதல் எப்ப முடியுது?" என்றேன்.

 எழுந்து பின்பக்கம் போனார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நான் சொல்லாமலே முகம் கழுவிக்கொண்டு வந்து சேரில் உட்கார்ந்தார். துண்டைக் கட்டிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. நான் கட்டினேன்.

"முருகன் கேட்டா இன்னா சொல்லுவ?" என்றேன்.

"நீதான் எடுத்தன்னு சொல்லுவேன்."

நுரை போட்டேன். மூன்று மாதத் தாடி. கத்தரியால் குறைத்துவிட்டுத்தான் கத்தி வைத்தேன். சேரின் கைப்பிடியில் அவர் வலது கை துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு கன்னம் முடியும்போது தலை சாய்ந்தது. மறு கன்னத்தில் மூச்சு நீளமாக வந்தது. தூங்கிவிட்டார். தூங்கியதும் கை நின்றுவிட்டது. கண்ணாடியைப் பார்த்தேன். கடைசி தெரியாத வரிசை வரைக்கும் எல்லாக் கையும் நின்றிருந்தது.

வேலை முடிந்து கத்தியை மடித்தேன். அந்தச் சிறு சத்தத்துக்கு அவர் பாதி விழித்தார்.

"ஆயிடிச்சா?"

"எதிர் ஷேவிங் கீது மாமா. தூங்கு."

எதிர் ஷேவிங்கும் முடிந்துதான் இருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று எல்லாரிடமும் உடனே சொல்லிவிடக் கூடாது.