ஒரே பெயரில் எத்தனை கோப்புகள்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் டிசைன் வேலை பார்க்கிறேன். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் கிடந்தால் எங்களுக்குப் பயம். மாறிப்போனால் போன வருடத்துத் தேதிகள் அச்சாகிவிடும். அதனால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை உடனே அழித்துவிடுவோம்.

மனைவி இறந்த பிறகு வீட்டில் நானும் மகளும்தான். அவள் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வெப்சைட் செய்கிறாள். அதிகம் பேசுவதில்லை. ஒரு நாள் காலை அவள் குளிக்கப் போயிருந்தபோது லேப்டாப் திறந்திருந்தது. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ‘இன்டெக்ஸ்’ என்றே ஒரு கோப்பு. பிள்ளைக்கு உதவுவோமே என்று ஒன்றை மட்டும் விட்டு, மற்றதையெல்லாம் சுத்தமாக அழித்தேன்.

வந்து பார்த்தவளின் முகம் வெளுத்தது. மதியம் கம்பெனிக்குக் காட்ட வேண்டிய வேலை அது.

“என்னப்பா செஞ்சீக?”

“எல்லாம் ஒரே பேருல இருந்துச்சும்மா. காப்பின்னு நெனச்சேன்.”

“ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அதுதான்ப்பா வாசக்கதவு. பேரு ஒண்ணு, வீடு வேற வேற. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“நீ எங்கேம்மா பேசவிடுற?”

அவள் லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பழைய கோப்புகள் கம்பெனி சர்வரில் இருந்த நகலிலிருந்து திரும்பி வந்தன. அன்று காலை எழுதியதை மட்டும் சாப்பிடாமல் உட்கார்ந்து மறுபடி எழுதினாள். வேலைக்கு ஆபத்தில்லை.

அன்றிலிருந்து அவள் அறைக்கதவு சாத்தியே இருக்கிறது. இத்தனை வருடமும் தட்டாமலே உள்ளே போயிருக்கிறேன் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. இப்போது டீயோடு போய்த் தட்டிவிட்டு, “வாங்கப்பா” என்று அவள் சொல்லும்வரை நிற்கிறேன். சில நாள் டீ ஆறிவிடுகிறது.